"நல்லா இருக்கு சார்" என்று மட்டும் சொல்லாதே

தம்பி,

உன் பையில் சட்டைகளுக்கு நடுவே இரண்டு கண்ணாடிப் பெட்டிகளை வைத்திருக்கிறேன். ஒன்று கறுப்பு, இன்னொன்று நீலம். இரண்டிலும் இருப்பது உன் கண்ணுக்கென்று செய்த கண்ணாடிதான். ஆனால் பவர் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதது. எது சரி என்று நீ கேட்டால் எனக்குத் தெரியாது. தினமும் காலையிலிருந்து சாயங்காலம்வரை ஊரார் கண்ணைப் பரிசோதித்துப் பவர் எழுதிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவன் எழுதுகிற வாக்கியமா இது என்று எனக்கே எரிச்சலாக வருகிறது. ஞாயிற்றுக்கிழமை நீ தூத்துக்குடிக்குக் கிளம்புகிறாய். அங்கே மீன் பதப்படுத்தும் கிடங்கில் குளிர்சாதன மெக்கானிக் வேலை. அதற்கு முன்னால் ஒரே ஒரு கண்ணாடியை உன் மூக்கின்மேல் மாட்டி, இதுதான், போய்வா என்று சொல்லிவிட நினைத்தேன். சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மகனுக்கு அப்பன் எழுதும் கடிதம் என்றால் அப்பனுக்கு முடி நரைத்திருக்க வேண்டும். எனக்கு முப்பத்தைந்து, உனக்கு இருபது. நெல்லித்தோப்பு மளிகைக்கடையில் புதிதாக வந்த பெண் நம்மைப் பார்த்து அண்ணன் தம்பியா என்று கேட்டாள். நீ அவசரமாக, "இல்லக்கா, இவரு எங்க வூட்டு சார்" என்றாய். பாவம், நான் உனக்கு டியூஷன் எடுப்பதாக நினைத்துக்கொண்டாள். உன்னைப் பெற்றவர் நீ பால்வாடிக்குப் போகிற வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டார். அவர் இடத்துக்கு ஆள் வேண்டும் என்று யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நானும் அந்த எண்ணத்தோடு வரவில்லை. நீதான் நோயாளியாக என் பரிசோதனை அறைக்குள் வந்தாய். அன்றைக்கு நீ சொன்ன 'சார்' இந்த வீட்டுச் சாப்பாட்டுத் தட்டுவரை கூடவே வந்துவிட்டது. நானும் மாற்றச் சொன்னதில்லை, மாற்றினால் என்ன சொல்வாய் என்று தெரியாததால். இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்குக் கொடுக்கட்டுமா என்று கேட்டபோது, "குடுங்க சார், பேரு மட்டும் வேணாம்" என்றாய். போடவில்லை. உன் மாதிரி கண் உள்ள பிள்ளைகள் வேறு வீடுகளிலும் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டிலும் யாராவது படிக்கட்டும் என்றுதான் கொடுக்கிறேன்.

உங்கம்மா உன்னை முதலில் கூட்டிவந்த நாள் உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. உனக்குப் பதின்மூன்று வயது. நாற்காலியில் உட்கார்ந்ததும் இரண்டு கைமுட்டியாலும் கண்ணைக் கசக்கினாய். உங்கம்மா கைப்பையிலிருந்து மூன்று கண்ணாடிகளை எடுத்து என் மேசையில் வரிசையாக வைத்தாள். மூன்றும் வெவ்வேறு கடையில் வாங்கியவை, மூன்றும் வெவ்வேறு பவர். "மூணு கடையில மூணு பவர் எழுதிக்குடுக்குறீங்க. எல்லாரும் படிச்சவங்கதான? ஒரு புள்ளைக்கு எப்படி சார் மூணு கண்ணு இருக்கும்?" என்று கேட்டாள். எனக்குப் பொறுமை அன்றைக்கும் கிடையாது, வெளியே பத்துப் பேர் காத்திருந்தார்கள். உன் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். நல்ல கண்ணில் அந்த வெளிச்சம் ஒரே பட்டையாக அசையும். உன் கண்ணில் இரண்டாகப் பிரிந்து கத்தரிக்கோல் மாதிரி திறந்து மூடியது. விஷயம் புரிந்துவிட்டது. உங்கம்மாவிடம் நேராகச் சொன்னேன்: "மூணும் தப்பில்ல. இவன் கண்ணுக்கு இது ஒண்ணுதான் சரின்னு சொல்ற மாதிரி ஒரு பவர் இல்ல." அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான்காவது கடைக்கு வந்துவிட்டோம் என்று நினைத்திருப்பாள்.

அந்தக் கோளாறுக்குப் பெயர் கெரட்டோகோனஸ். கருவிழிக்கு முன்னால் கடிகாரத்தின் கண்ணாடி மாதிரி ஒரு தெளிவான படலம் இருக்கிறது. சிலருக்கு அது வளரும் வயதில் மெலிந்து, கீழ்ப்பக்கமாகக் கூம்பு போலப் புடைத்துக்கொண்டு வரும். கண்ணைக் கசக்கக் கசக்க இன்னும் புடைக்கும். உனக்கு அதை நிறுத்தச் சொட்டு மருந்து விட்டு ஊதா வெளிச்சம் காட்டிப் படலத்தை இறுக்கும் சிகிச்சை செய்தார்கள். கூம்பு அதோடு நின்றது. நின்றதே தவிரத் திரும்பிப் போகவில்லை, போகாது. இதற்குக் கெட்டியான கான்டாக்ட் லென்ஸ்தான் நல்ல வழி என்பது எல்லோருக்கும் தெரியும். உனக்கும் போட்டோம். உன் கண்ணில் இருக்கிற அரிப்புக்கும், நீ ஐடிஐ முடித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்த தேங்காய்த்திட்டு ஐஸ் பிளான்டின் காற்றுக்கும், துறைமுகத்துப் புழுதிக்கும் அது ஒத்துவரவில்லை. ஒன்று கடலோடு போனது. இன்னொன்றை நீயே கழற்றி வைத்துவிட்டு, கண் சிவக்க வந்து என் முன்னால் நின்றாய். அதற்குப் பிறகு உனக்குக் கண்ணாடி ஒன்றுதான் கதி. அதை எவ்வளவு தூரம் நல்லதாக்க முடியுமோ ஆக்கிப் பார்ப்பது என் பிடிவாதமாக ஆனது. இதற்கிடையில் நான் உங்கம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டேன். அது வேறு கதை, உனக்கே தெரியும். தெருவில் நாலு வயது மூத்தவள் என்று பேசினார்கள். "பவர் பாக்குறவருக்கு வயசு தெரியலியா" என்று ஒருத்தர் கேட்டார். நீ அவர் வீட்டு ஃபிரிட்ஜைப் பழுது பார்க்கப் போகாமல் ஒரு கோடை முழுக்க இழுத்தடித்தாய். நான் அதைக் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

கண்ணாடியின் கஷ்டம் என்னவென்று ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன், வீட்டில் சொல்லும்போதெல்லாம் பாதியில் கோபித்துக்கொண்டு எழுந்துவிடுகிறேன். கண்ணாடிக்குத் தெரிந்தது மூன்றே எண்கள். எவ்வளவு பவர், கோணலைச் சரிக்கட்டும் சிலிண்டர் எவ்வளவு, அந்தச் சிலிண்டரை எந்தச் சாய்வில் வைப்பது. அவ்வளவுதான். உன் கண்ணில் உள்ள கோணலோ மூன்று எண்ணுக்குள் அடங்காது. நெல்லித்தோப்பு சிக்னலில் சிவப்பு விளக்குக்கு வால் முளைத்துத் தொங்குகிறது என்று சின்ன வயதில் சொல்வாயே, அந்த வாலை எந்தக் கண்ணாடியும் வெட்டாது. வாலைக் கொஞ்சம் குட்டையாக்கலாம், எங்கே தொங்குகிறது என்பதை மாற்றலாம். மூன்று எண்ணில் எந்தச் சேர்க்கை குறைந்த தொந்தரவு தரும் என்பதுதான் கேள்வி. வழக்கமான முறையில் நாங்கள் நோயாளியைக் கேட்டுக் கேட்டுப் போவோம். இது நல்லா இருக்கா, அது நல்லா இருக்கா. ஒவ்வொரு அடியாக நகர்ந்து, இனி எந்தப் பக்கம் போனாலும் மோசமாகிறது என்ற இடத்தில் நின்றுவிடுவோம். நம் தெருவில் மழைத்தண்ணீர் ஏறும்போது நீ ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு காலால் தடவி மேடு தேடுவாயே, அதே வேலைதான். கால் வைத்த இடத்தைச் சுற்றி எல்லாம் பள்ளமாக இருந்தால் இதுதான் மேடு என்று நிறுத்திவிடுவாய். அடுத்த தெருவில் இதைவிடப் பெரிய மேடு இருக்கலாம். தண்ணீருக்குள் நிற்கிறவனுக்கு அது எப்படித் தெரியும்? சாதாரணக் கண்ணுக்கு மேடு ஒன்றுதான், எங்கிருந்து கிளம்பினாலும் அங்கேதான் போய்ச் சேருவோம். உன் கண்ணில் மேடுகள் பல. மூன்று கடைக்காரர்களும் மூன்று மேடுகளில் நின்றிருக்கிறார்கள்.

எங்கள் மருத்துவமனைக்கு ஒரு கருவி வந்தது. கண்ணுக்குள் ஒளியை அனுப்பி, திரும்பி வருவது எப்படியெல்லாம் கோணுகிறது என்று முழுசாக அளந்து சொல்லும். அந்த அளவை வைத்துக்கொண்டு, எந்தெந்தக் கண்ணாடி போட்டால் விழித்திரையில் எழுத்து எப்படி விழும் என்று கம்ப்யூட்டரிலேயே போட்டுப் பார்க்கலாம், ஆராய்ச்சி செய்கிறவர்கள் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று படித்தேன். நானே ஒரு புரோகிராம் எழுதினேன். அது ஒரு மேட்டிலிருந்து கிளம்பாது, ஊர் முழுவதையும் மேலே நின்று பார்க்கும். உன் அளவைப் போட்டபோது, யாரும் இதுவரை உனக்கு எழுதாத ஒரு பவரைக் காட்டியது. சிலிண்டர் அதிகம், சாய்வு வேறு திசை. நாற்காலியில் உட்காரவைத்து, லென்ஸ் மாற்றி மாற்றிப் பார்க்கும் ட்ரையல் பிரேமில் அந்த லென்ஸ்களைச் செருகினேன். எழுத்துப் பலகையில் நீ இதுவரை எட்டாத ஒரு வரியைப் படித்தாய். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நல்லா இருக்கு சார்" என்றாய். அந்த மூன்று வார்த்தையை நம்பிக் கண்ணாடி செய்யக் கொடுத்தேன்.

உன்னிடம் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று எனக்கு அதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு என் அறை மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய நாட்களில் அந்தப் பலகை முழுவதும் உனக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. ஒருநாள் உன்னை உட்காரவைத்து, படி என்றேன். கடைசிக்கு முந்தின வரிவரை கடகடவென்று படித்தாய். அப்புறம்தான் பார்த்தேன், நான் பலகையின் விளக்கையே இன்னும் போடவில்லை. என்னடா இது என்றதற்கு, "நீங்க கேட்டா பதில் வரணும்ல சார், இல்லன்னா உங்களுக்கு மூஞ்சி சுருங்கிடும்" என்றாய். நான் சிரித்துவிட்டுப் பலகையை மட்டும் மாற்றினேன்.

புதுக் கண்ணாடியோடு நீ வீட்டில் நடமாடினாய், சாப்பிட்டாய், கிரிக்கெட் பார்த்தாய். கேட்டபோதெல்லாம் அதே பதில். நான் மருத்துவமனையில் இரண்டு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கூட முடித்துவிட்டேன். ஒரு காலையில் நீ போனை வீட்டிலேயே விட்டுப் போயிருந்தாய். கொடுக்கலாம் என்று தேங்காய்த்திட்டுக்கு வந்தேன். மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. நீ ஐஸ் ஏற்றிய வண்டியோடு நின்றிருந்தாய். முகத்தில் பழைய கண்ணாடி, ஒரு காது கம்பியில் நூல் சுற்றியது. கரையிலிருந்து படகுக்குப் போட்டிருந்த ஈரப் பலகைமேல் தோளில் ஐஸ் பெட்டியோடு ஏறிப்போனாய், இறங்கி வந்தாய், மறுபடி ஏறினாய். பலகை ஆடியது, நீ ஆடவில்லை. திரும்பி வரும்போது என்னை நேருக்கு நேர் பார்த்தாய். பத்துத் தப்படி தூரம்தான் இருக்கும். நான் கையைத் தூக்கினேன். நீ என்னைப் பார்த்துக்கொண்டே, என்னைத் தாண்டி, எனக்குப் பின்னாலிருந்த எதையோ பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாய். கோபம் என்று ஒரு விநாடி நினைத்தேன். அப்புறம் என் மூளை வேலை செய்தது. அந்தக் கண்ணாடியில் அந்தத் தூரத்தில் உனக்கு முகம் தெரியாது. நான் ஒரு சட்டை, அவ்வளவுதான்.

பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த மீன்காரப் பெண்மணி யார் வேணும் என்று கேட்டார். ஐஸ் பிளான்ட் தம்பியின் போன் என்றேன், நான் யார் என்று சொல்லவில்லை. கண்ணாடியை மாற்றிப் போட்டிருக்கிறானே என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "அத்த ஏன் கேக்குற. புதுக் கண்ணாடி போட்டா தரை ஒரு பக்கமா ஏறி வருதாம். ஒருக்கா அத்தப் போட்டுக்கினு பலகையில கால் வச்சி, ஐஸோட புள்ள உக்காந்துடுச்சி. அதுலேர்ந்து பாக்கெட்லதான் வச்சிக்கும். வூட்டுக்குப் போவும்போது எடுத்து மாட்டிக்கும். அவங்க வூட்டுல ஒரு சாரு கீறாராம், மனசு நோவுமாம்" என்றார். நான் போனை அவரிடமே கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன். வண்டி எந்த வழியாகப் போனது என்று தெரியாமல் லாஸ்பேட்டை விமான நிலையத்துச் சுவர் ஓரம் போய் நின்றேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் கிடையாது.

கோபம் வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும், எனக்கு அது பழக்கம். குழப்பம்தான் வந்தது. நான் கொடுத்த கண்ணாடியில் நீ ஒரு வரி அதிகம் படிக்கிறாய், அது பொய்யில்லை, மனப்பாடமும் இல்லை, அது புதுப் பலகை. அதே கண்ணாடியில் உனக்குத் தரை சாய்கிறது, அதுவும் பொய்யில்லை. பழைய கண்ணாடியில் பலகைமேல் பூனை மாதிரி நடக்கிறாய். ஆனால் உன் எதிரில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவன் யார் என்று தெரியவில்லை. இதில் எது முன்னேற்றம்? நான் எதை அளந்துகொண்டிருந்தேன்? என் புரோகிராம் எழுத்துக்குத்தான் மதிப்பெண் போட்டது, தரைக்குப் போடவில்லை. தரையை அதற்குள் சேர்க்கலாம் என்றால் தரைக்கு எத்தனை மதிப்பெண், முகத்துக்கு எத்தனை மதிப்பெண், அதை யார் சொல்வது? நீதான் சொல்ல வேண்டும். நீயோ என்னிடம் எல்லாமே நல்லா இருக்கிறது என்று சொல்கிறவன்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் நேராகக் கேட்டேன். நீ தட்டைப் பார்த்துக்கொண்டு, "வூட்டுல நல்லாதான் சார் இருக்கு" என்றாய். அது பொய்யில்லை என்று நினைத்திருப்பாய், வீட்டில் ஏது படகுப் பலகை. உங்கம்மா குழம்புக் கரண்டியை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "உங்ககிட்ட எவன் உண்மையச் சொல்லுவான்? இதுவா அதுவான்னு கேக்குறீங்க, ஒருத்தன் யோசிக்கிறதுக்குள்ள அடுத்த லென்ஸ மாட்டிடுறீங்க. அவன் பதில் சொல்லல, உங்கள அனுப்பிவிடுறான்" என்றாள். நீ சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்த வாரம்தான் உனக்குத் தூத்துக்குடி வேலை உறுதியானது. அங்கே நீ பார்க்கப்போவது அம்மோனியா ஓடுகிற குழாய்களும் அவற்றின் அழுத்தத்தைக் காட்டும் கேஜ்களும். முள் எங்கே நிற்கிறது என்று மேலதிகாரி கேட்பார். தெரியாததைத் தெரிகிறது என்று சொல்லிப் பழகியவன் அங்கேயும் அவர் மூஞ்சி சுருங்கக்கூடாது என்று ஒரு எண்ணைச் சொல்வான். அந்தக் கிடங்கில் தப்பான எண்ணுக்கு ஆள் போவான், தம்பி. அது நீயாகக்கூட இருக்கலாம். உன் கண்ணைப் பற்றி எனக்குள்ள பயம் அதோடு சின்னதாகிவிட்டது. நீ எல்லோருக்கும் நல்ல பிள்ளையாக இருப்பதுதான் பெரிய பயம் ஆனது.

என்னிடம் வருகிற ஒரு பெரியவர் உண்டு, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா. அவருக்குக் கண்ணில் பெரிய கோளாறு ஒன்றுமில்லை. ஆனால் கண்ணாடி செய்து கொடுத்தால் போட்டுப் பார்த்து, பிரெஞ்சில் இல்லை என்பதற்கு "நோன்" என்று சொல்லி மேசைமேல் வைத்துவிடுவார். காரணம் கேட்டால் வாசலுக்குக் கூட்டிப்போய், அதோ அந்த வேப்பமரத்து இலை சேர்ந்து தெரிகிறது என்பார். மாற்றித் தந்தால் மறுபடியும் நோன். அவர் படியேறும் சத்தம் கேட்டாலே நான் தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். அவரைப் பற்றி வீட்டில் எத்தனை முறை திட்டியிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். நான் திட்டத் திட்ட, நோயாளி என்றால் இப்படி இருக்கக்கூடாது என்று நீ கற்றுக்கொண்டாயோ என்று இப்போது தோன்றுகிறது. ஊரில் என் கையால் மிகச் சரியான கண்ணாடி போட்டிருப்பவர் அவர்தான். வேறு யாரும் என்னை அவ்வளவு வேலை வாங்கியதில்லை.

போன வாரம் நான் செய்தது உனக்கே தெரியும், இருந்தாலும் என் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இருட்டறையும் நாற்காலியும் வேண்டாம் என்று லென்ஸ் பெட்டியையும் ட்ரையல் பிரேமையும் எடுத்துக்கொண்டு தேங்காய்த்திட்டுக்கே வந்தேன். ஏலம் முடிந்து கழுவிவிட்ட நேரம். அந்த வட்டப் பிரேமை உனக்கு மாட்டி, படகு முகப்பில் எழுதியிருக்கும் எண்ணைப் படி, அப்புறம் பலகையில் நட என்றேன். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். "டேய், இன்னாடா வெல்டிங் பண்ணப் போறியா" என்று ஒருத்தன். அந்த மீன்காரப் பெண்மணி என்னை உற்றுப் பார்த்தார், பிறகு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். நான் யார் என்று அப்போது புரிந்திருக்கும். என் புரோகிராம் சொன்ன பவரைச் செருகினேன். எண் தெரிந்தது, பலகையில் கால் வைக்க மறுத்தாய். சிலிண்டரைக் குறைத்தேன், சாய்வைப் பழைய பக்கம் கொஞ்சம் திருப்பினேன். நட, படி, நட, படி. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, எனக்கு மருத்துவமனைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இதுவா அதுவா என்று என் வழக்கமான வேகத்துக்குப் போய்விட்டேன். இது எப்படி, சரி இது, சரி இது எப்படி என்று நான் ஒன்றைக் கழற்றி இன்னொன்றைச் செருகும்போது, நீ பலகை நடுவில் நின்று என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"யோவ், மெதுவா மாத்துய்யா. ரெண்டும் கேவலமா இருக்கு. ஒண்ணும் புரியல எனக்கு."

நீயே பயந்துபோனாய், கையை எடுத்துக்கொண்டாய், "இல்ல சார், அது வந்து" என்று ஆரம்பித்தாய். நான் செருகப் போன லென்ஸைப் பெட்டியில் வைத்தேன். இத்தனை வருடத்தில் உன்னிடமிருந்து வந்த முதல் உபயோகமான பதில் அது. இரண்டும் கேவலம் என்றால், நான் நிற்கும் மேடே சரியில்லை என்று அர்த்தம், வேறு தெருவுக்குப் போக வேண்டும். அது ஒரு தகவல், வேலைக்கு ஆகிற தகவல். அதற்குமேல் அது என்னவெல்லாம் என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, நான் அந்த மாதிரிப் படிப்புப் படிக்கவில்லை. எது கேவலம், எப்படிக் கேவலம் என்று கேட்டேன். முதல்முறையாகச் சொன்னாய். இதில் எண்ணுக்குக் கீழே நிழல் எண் ஒன்று தெரிகிறது, அதில் பலகையின் வலது ஓரம் தூக்கிக்கொண்டு வருகிறது, இன்னொன்றில் தலையைத் திருப்பினால் கடல் கூடவே வழுக்குகிறது. நான் மருத்துவமனைக்குப் போன் செய்து வர நேரமாகும் என்று சொல்லிவிட்டேன்.

அந்தக் காலையில் நாம் இருவரும் பிடித்த பவர்தான் நீலப் பெட்டியில் இருக்கிறது. அதில் பலகை சாயவில்லை. ஆனால் என் புரோகிராம் காட்டிய கறுப்புப் பெட்டிக் கண்ணாடியில் கூடுதலாகப் படிக்கிற அந்த ஒரு வரியை இதில் உன்னால் படிக்க முடியாது. கறுப்பில் கேஜின் முள் கூர்மையாகத் தெரியும், ஏணியில் ஏறினால் படி எங்கோ இருக்கும். கேஜுக்குக் கறுப்பு, நடக்க நீலம் என்று எழுதி ஒட்டிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். பிறகு ஏணிமேல் இருக்கிற கேஜுக்கு எது என்று தோன்றியது. பேனாவை வைத்துவிட்டேன். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது ஒன்று இருக்கிறதா, அல்லது உன் மூளை கறுப்புக்குப் பழகிவிடுமா, அல்லது என் கணக்கிலேயே பிசகா, எதுவும் தெரியவில்லை. ஒரு கேள்விக்கு விடை தெரியாமல் இவ்வளவு நாள் நான் சும்மா இருந்ததில்லை. உங்கம்மா சாயங்காலம் இரண்டு பெட்டியையும் திறந்து பார்த்துவிட்டு, "அப்ப மூணு கடைக்காரனும் நல்லவன்தான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

புத்தி சொல்லாமல் இந்தக் கடிதம் முடியாது என்பதால் சொல்கிறேன். கண் அரித்தால் சொட்டு விடு, முட்டியால் தொடாதே. இது கெஞ்சல் இல்லை, உத்தரவு. வருடத்துக்கு ஒருமுறை படலத்தின் படம் எடு, கூம்பு நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கேஜ் தெரியவில்லை என்றால் போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார், அல்லது பக்கத்தில் இருப்பவனைக் கூப்பிடு. வெட்கப்பட ஒன்றுமில்லை, கூப்பிடாமல் இருப்பதற்குத்தான் வெட்கப்பட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த அன்றே, இந்தக் கண் இப்படி என்று மேலதிகாரியிடம் சொல்லிவிடு. அவர் மூஞ்சி சுருங்கினால் சுருங்கட்டும், பிறகு தானாக விரியும். யாராவது எப்படி இருக்கிறது என்று கேட்டால், சாப்பாடோ சம்பளமோ கண்ணாடியோ, ஒரு மூச்சு நேரம் எடுத்துக்கொண்டு பதில் சொல். கேட்டவன் என் மாதிரி அவசரக்காரனாக இருந்தால் மணிக்கட்டைப் பிடி. எனக்குப் போன் செய்யும்போது 'நல்லா இருக்கு சார்' மட்டும் வேண்டாம். எது சாய்கிறது, எது வழுக்குகிறது, எது இரட்டையாகத் தெரிகிறது, அதைச் சொல். திட்டிச் சொன்னாலும் சரி. திட்டுகிறாய் என்றால்தான் எங்கே மாற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியும், மாற்றி லென்ஸ்களை அனுப்பிக்கொண்டே இருப்பேன். என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பது உன் சௌகரியம். சாரும் சரி, யோவும் சரி.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டுக்கு நானும் உங்கம்மாவும் வருவோம். பஸ் கிளம்பியதும் ஜன்னலிலிருந்து நீ திரும்பிப் பார்ப்பாய். அப்போது எந்தக் கண்ணாடி போட்டிருந்தாலும், கூட்டத்தில் நான் எங்கே நிற்கிறேன் என்று உனக்குத் தெரியவில்லை என்றால், தெரிந்த மாதிரி கையசைக்காதே. போன் பண்ணி, தெரியல என்று சொல். எங்கே நிற்கிறேன் என்று சொல்கிறேன். பஸ் கண்ணுக்கு மறைகிறவரை அந்த இடத்தை விட்டு நகரமாட்டேன்.